‘குடும்பத் தலை’ என்று எழுதி மூடிய கோப்பு

## முன்கதை

இந்தக் குடும்பம் பினாங்கின் பெருநிலப் பகுதியில், பிறைக்கு அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிறது. இதில் வரும் சிறுவனின் தாயும் அவருடைய அண்ணனும் இந்தக் கட்டுரையை வரி வரியாகப் படித்துச் சம்மதம் தந்தார்கள். ஆள் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை. நான் மரபணு ஆலோசகர், மருத்துவர் அல்லர். குடும்ப மரத்தை வரைவதும், சோதனைக்கு முன்னும் பின்னும் பேசுவதும், கேட்கக் கூச்சமான கேள்விகளைக் கேட்பதும் என் வேலை.

புற்றுநோயும் மனநலக் கோளாறும் ஒரே மரபணுவிலிருந்து வரக்கூடும் என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. வேறு சிலர் அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார்கள். வீட்டில் உள்ள அத்தனை நோயையும் ஒரே நாரில் தொடுத்துவிடுவார்கள். இந்தக் குடும்பத்தில் இரண்டும் நடந்தன. முதல் தவறை மருத்துவத் துறையினர் நாங்கள் செய்தோம். இரண்டாவதைக் குடும்பம் செய்தது.

## நீலப் புத்தகம்

2022 மார்ச்சில் குழந்தை மனநலப் பிரிவிலிருந்து ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை எங்களிடம் அனுப்பினார்கள். கடிதத்தில் ஒரே வரி: ‘ஆட்டிசம், பெரிய தலை, மரபணுக் காரணம் உண்டா?’ ஆட்டிசத்தை மனநோய் என்பது சரியில்லை. அது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. ஆனாலும் அதைக் கண்டறிவதும் கவனிப்பதும் பெரும்பாலும் மனநல மருத்துவர்கள்தான். ஆகவே அந்தக் கோப்பு அவர்களுடைய அலமாரியில் இருந்தது.

பையன் ஏழெட்டுச் சொற்கள்தான் பேசுவான். வந்ததிலிருந்து போகும்வரை ஒரு மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தான். அது பெரியவர்கள் அணியும் அளவு. சிறுவர் கவசம் எதுவும் தலைக்குள் போகவில்லை என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். “பட்டர்வொர்த்தில் ஒரு கடை விடவில்லை, டாக்டர்.” நான் டாக்டர் இல்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு விட்டுவிட்டேன்.

அம்மா பையிலிருந்து நீலப் புத்தகத்தை எடுத்தார். ஆண் குழந்தைக்கு அரசாங்கக் கிளினிக்கில் தரும் சுகாதாரப் பதிவேடு அது. எடைக் கோடு நடுவில் போகிறது, உயரக் கோடும் நடுவில். தலைச் சுற்றளவுக் கோடு நான்காம் மாதத்திலேயே மேல் எல்லையைத் தொட்டு, ஒன்பதாம் மாதத்தில் அதைத் தாண்டி, கட்டத்துக்கு வெளியே வெள்ளைத் தாளில் புள்ளியாக நிற்கிறது. யாரோ அந்தப் புள்ளியைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறார்கள். ஒரு வயதில் தலையை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். தலைக்குள் நீர் கோக்கவில்லை. அதன் கீழே மலாயில் எழுதிய குறிப்பின் சாரம் இது: தாய்வழிக் குடும்பத்தில் பலருக்குப் பெரிய தலை, குடும்ப இயல்பு, கவலைப்பட ஒன்றுமில்லை.

எழுதியவரைக் குறை சொல்வது எளிது. பெரிய தலையுள்ள குழந்தைகளில் ஏராளமானோருக்கு அது உண்மையிலேயே குடும்பச் சாயல்தான். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அப்படியே இருக்கும், பிள்ளை நன்றாகவே வளரும். அந்த வயதில் இந்தப் பையனுக்கு ஆட்டிசம் இருப்பதும் தெரியாது. பின்னால் தெரிந்தபோது யாரும் பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. ‘குடும்பம்’ என்ற சொல் அங்கே ஆறுதலாக எழுதப்பட்டிருந்தது. நோயின் பெயருக்கு மிக அருகில் இருந்த சொல்லும் அதுதான்.

## தையல் நாடா

முதல் சந்திப்பில் குடும்ப மரம் வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தாய்க்கு அப்போது வயது 38. வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார், தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் தூக்கம் இருக்காது என்றார். அவருடைய அம்மா கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர், 47 வயதில் இறந்துவிட்டார். என்ன நோய் என்று கேட்டேன். “மார்பில் புண்.” அதற்கு மேல் அந்தக் காலத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை. அக்கா ஒருவர் சுங்கைப் பட்டாணியில் இருக்கிறார், அவருக்குக் கழுத்துக் கழலை. அக்காவுக்கு ஒரே மகள்.

“உங்களுக்கு?”

குழந்தைக்காக வந்தவரிடம் தன்னைப் பற்றிக் கேட்டது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. 24 வயதில் வலது மார்பில் ஒரு கட்டி எடுத்தார்கள். 31-ல் இடது மார்பில் இரண்டு. எல்லாம் சாதாரணக் கட்டிகள், புற்று இல்லை. 33-ல் தைராய்டில் பாதியை எடுத்தார்கள், அதுவும் சாதாரணம். மூன்று அறுவைகள், மூன்று வெவ்வேறு மருத்துவமனைகள், மூன்றிலும் ‘சாதாரணம்’.

வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா என்றும் கேட்டேன். இல்லை என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

பையனின் தலையை அளக்க என் காகித நாடாவை எடுத்ததும் அவன் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். அம்மா கைப்பைக்குள் கை விட்டுத் தன் தையல் நாடாவை எடுத்தார். மஞ்சள் நிறம், ஓரம் நைந்தது, முதல் அங்குலம் பாதி அழிந்துபோனது. அந்த நாடாவோடு வளர்ந்த பிள்ளை அவன், அசையாமல் நின்றான். 22¾ அங்குலம், கிட்டத்தட்ட 58 சென்டிமீட்டர். அந்த வயதுப் பையனுக்கு 52-ஐ ஒட்டி இருக்கும். அப்பாவுக்கு 22 அங்குலம். பிறகு நான் கேட்காமலே, வேலையின் ஓட்டத்தில், நாடாவைத் தன் தலையிலும் சுற்றிக்கொண்டார். 23½. மறுபடி அளக்கச் சொன்னேன். அதே 23½. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். பெண்களுக்கு 58-ஐத் தாண்டினால் பெரிய தலை என்று கணக்கு.

அதற்குப் பிறகு எங்கள் மரபணு மருத்துவர் அவரைப் பார்த்தார். ஈறுகளில் கூழாங்கல் பதித்தாற்போலச் சிறுசிறு மேடுகள், மூக்கோரத்தில் தோல் நிறத்திலேயே பொடிப் பருக்கள். அவற்றைப் பரு என்று நினைத்து அம்மா கிரீம் பூசி வந்திருக்கிறார்.

## என்ன சந்தேகித்தோம்

பத்தாவது குரோமோசோமில் பி.டி.இ.என். என்றொரு மரபணு உண்டு. பேச்சில் ‘பீடென்’ என்போம். 1997-ல் அடையாளம் காணப்பட்டது. உயிரணு வளர்வதற்கும் பெருகுவதற்கும் அது ஒரு கட்டுப்பாடு. அதன் இரு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் மார்பு, தைராய்டு, கருப்பை, சிறுநீரகம் ஆகியவற்றில் கட்டிகளும் புற்றும் வரும் வாய்ப்பு கூடும். இதைக் கௌடன் நோய்க்குறி என்பார்கள். 1963-ல் மருத்துவ இதழில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோயாளியின் குடும்பப் பெயர் அது. அந்தப் பெண் மார்புப் புற்றில் இறந்தார்.

அதே கட்டுப்பாடு மூளையிலும் வேலை செய்கிறது. அது தளர்ந்தால் நரம்பணுக்கள் அளவுக்கு மீறி வளர்கின்றன, இணைப்புகள் வேறு விதமாக அமைகின்றன, தலை பெரிதாகிறது. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்டிசமும் மிகப் பெரிய தலையும் உள்ள 18 பேரைச் சோதித்ததில் மூவரிடம் இந்த மரபணு பழுதாக இருந்தது. 18 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அதற்குப் பிறகு, ஆட்டிசத்தோடு தலையும் பெரிதாக இருந்தால் பீடென் பார்க்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. ஒரே பழுது ஒரே வீட்டில் ஒருவருக்கு ஆட்டிசமாகவும் இன்னொருவருக்குப் புற்றாகவும் வெளிப்படலாம். யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

இதைத் தாய்க்கு விளக்கும்போது வண்டியின் பிரேக் என்று தொடங்கினேன். அவர் தலையசைத்துவிட்டு, “மோட்டார் வைத்த தையல் மிஷினில் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் ஊசி ஓடிக்கொண்டே இருக்குமே, அப்படியா?” என்றார். அப்படித்தான். பிறகு வந்த குடும்பங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

## முதல் முடிவு: யாருடைய ரத்தம்?

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்க்கான மரபணுவைக் குழந்தையிடம் தேடுவதில்லை என்பது எங்கள் தொழிலின் பொது விதி. அவன் வளர்ந்து தானே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுவோம். இங்கே அந்த விதி பொருந்தவில்லை. ஆட்டிசத்துக்கான காரணம் பையனிடமே தேடப்பட்டது. தவிர, பீடென் பழுதில் தைராய்டுப் புற்று சிறு வயதிலும் வரக்கூடும் என்பதால் அவனுக்கே அதில் பயன் உண்டு. ஆகவே பையனின் ரத்தம் வெளி ஆய்வகத்துக்குப் போனது.

தாயை முதலில் சோதித்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அளவுகளும் பழைய அறுவைகளும் ஈறும் அவரையே சுட்டிக்காட்டின. ஆனால் பரிந்துரைக் கடிதம் பையன் பெயரில் வந்திருந்தது, பதிவும் அவன் பெயரில்தான். நாங்கள் கடிதத்தின் பின்னால் போனோம்.

இன்னொரு குறை முழுக்க என்னுடையது. சோதனைக்கு முன் முக்கால் மணி நேரம் பேசினேன். பையனின் முடிவு தாயைப் பற்றியும் சொல்லிவிடும் என்பதைக் கடைசியில், அவர்கள் பையை எடுத்து எழும்போது, ஒரே வாக்கியத்தில் சொன்னேன். சொன்னதாகக் குறிப்பேட்டில் பதிவும் இருக்கிறது. அவர் காதில் அது விழவே இல்லை.

## ஜூலை முதல் அக்டோபர் வரை

11 வாரம் கழித்து முடிவு வந்தது. பீடென் பழுது உறுதி. தாயின் ரத்தத்தையும் உடனே அனுப்பினோம். அதன் முடிவுக்காகக் காத்திருக்காமல் மார்புப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார் மருத்துவர். இந்த முழு நிகழ்விலும் சரியாக எடுக்கப்பட்ட முடிவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மேமோகிராமில் அடர்த்தியான மார்புத் திசு, தெளிவாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் இடது மார்பில், பழைய தழும்புக்கு இரண்டு விரல் தள்ளி, 14 மில்லிமீட்டரில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசி மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். பரவும் தன்மையுள்ள புற்று, ஹார்மோனுக்கு வினையாற்றும் வகை. தாயின் மரபணு முடிவும் அதே வாரம் வந்தது. அவருக்கும் அதே பழுது.

அன்று அவர் அழவில்லை. “நீங்கள் பிள்ளைக்குத்தானே ரத்தம் எடுத்தீர்கள்?” என்றார். அது குற்றச்சாட்டா, வெறும் கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை. சில மாதம் கழித்துக் கேட்டேன். இரண்டும்தான் என்றார்.

அறுவையைப் பற்றி மூன்று முறை பேசினோம். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு தரலாம். அல்லது இரு மார்பையும் அகற்றலாம். 2012-ல் வெளியான ஒரு கணக்கின்படி இந்தப் பழுதுள்ள பெண்களில் 100-க்கு 85 பேருக்கு வாழ்நாளில் மார்புப் புற்று வரக்கூடும். தைராய்டுக்கு 35, சிறுநீரகத்துக்கு 34, கருப்பை உட்படலத்துக்கு 28. இந்த எண்களை நான் தயங்கித்தான் சொன்னேன். நோய் முற்றி மருத்துவமனைக்கு வந்தவர்களையே பெரும்பாலும் எண்ணிய கணக்கு என்பதால் உண்மையான அபாயம் குறைவாக இருக்கலாம் என்ற எதிர்வாதம் உண்டு. குறைத்துச் சொன்னாலும் பாதிக்கு மேல்தான் வருகிறது. அவர் இரண்டையும் அகற்றச் சொன்னார். பையனை விட்டுவிட்டு இன்னொரு முறை அறுவைக்கு வர முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். எண்களை அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

அக்டோபரில் அறுவை நடந்தது. நிணநீர்க் கணுக்களில் பரவல் இல்லை. கீமோ தேவைப்படவில்லை. ஆறு வாரம் கழித்து வந்தபோது புது ரவிக்கை அணிந்திருந்தார். உள்ளே பருத்தி அடைத்துத் தானே தைத்த இரண்டு திண்டுகள், எடைக்காக ஓரத்தில் கொஞ்சம் பச்சைப்பயறு. மருத்துவமனையில் காட்டிய சிலிக்கான் திண்டின் விலையைச் சொல்லிச் சிரித்தார்.

## இரண்டு மருந்துகள், இரண்டு பைகள்

இது சின்ன விஷயம், ஆனால் விட்டுவிட முடியாது. பையனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த ஆண்டிலிருந்து தாய் மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் சாப்பிட்டு வந்தார், வீட்டருகே உள்ள கிளினிக்கில் வாங்கி. எங்களிடமும் சொல்லவில்லை, புற்றுநோய்ப் பிரிவிலும் சொல்லவில்லை. அறுவைக்குப் பிறகு, ஹார்மோனுக்கு வினையாற்றும் புற்றுக்குத் தரும் தமோக்சிஃபென் என்ற மாத்திரையை எழுதினார்கள். மருந்தகத்தில் இருந்த இளம் பெண், “வேறு எங்காவது மருந்து வாங்குகிறீர்களா, அக்கா? பையைக் காட்டுங்கள்” என்று கேட்டிருக்கிறார். தையல் நாடாவுக்கு அடியிலிருந்து மாத்திரைப் பொட்டலம் வெளியே வந்தது.

தமோக்சிஃபென் உடலுக்குள் வேறொரு பொருளாக மாறித்தான் முழு வேலையைச் செய்கிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியின் பெயர் சி.ஒய்.பி. 2டி6. ஃப்ளூவாக்ஸெட்டின் அந்த நொதியை வலுவாகத் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் புற்றுக்கான மருந்தின் பலன் குறையலாம். மனநல மருத்துவர் படிப்படியாக, அந்த நொதியை அவ்வளவாகத் தடுக்காத வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்துக்கு மாற்றினார். பழைய மருந்து உடலைவிட்டு நீங்க வாரக் கணக்காகும், அதுவரை தமோக்சிஃபெனைத் தள்ளிப்போட்டார்கள். தமோக்சிஃபென் கருப்பை உட்படலப் புற்றின் வாய்ப்பைக் கூட்டுவது, பீடென் பழுதும் அதையே கூட்டுவது. ஆகவே ஆண்டுதோறும் கருப்பைப் பரிசோதனை என்று முடிவானது. கருப்பையை அகற்றுவது பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.

## கோடு போடாத சதுரம்

நவம்பரில் அக்காவும் உடன் வந்தார். வந்து உட்கார்ந்ததும் கேட்டார்: “எங்கள் அண்ணனைச் சோதித்தீர்களா?”

எந்த அண்ணன் என்றேன். என் தாளில் இரண்டு வட்டங்கள்தான் இருந்தன. தங்கை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் பென்சிலை வாங்கி, தாளின் மேல் மூலையில், குடும்பத்திலிருந்து வெகு தள்ளி, ஒரு சதுரம் போட்டார். கோடு போடவில்லை. கோட்டை நான்தான் போட்டேன்.

அண்ணனுக்கு 50 வயது. 22 வயதில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) கண்டது. தஞ்சோங் ரம்புத்தானில் சில ஆண்டுகள் இருந்தார். 1911-லிருந்து இயங்கும் மனநல மருத்துவமனை அங்கே உண்டு. அதன் இன்றைய பெயர் வேறு, ஆனால் நம்மவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரே ஒரு வசைச் சொல்லாகிவிட்டது. அதனால்தான் முதல் நாள் “இல்லை” என்றார் தங்கை. அக்கா மகளுக்கு நாளை வரன் பார்க்க வேண்டும். இப்போது அண்ணன் அக்கா வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை கிளினிக்கில் ஊசி. காலையில் கோயிலருகே ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறார்.

அக்காவின் கணக்கு தெளிவாக இருந்தது. வீட்டில் முதலில் விழுந்தவன் அண்ணன். பிறகு அம்மா போனாள். பிறகு தங்கைப் பிள்ளை, இப்போது தங்கை. “எல்லாம் அவனிடம் தொடங்கியது.” முன்பு இதைச் சாபம் என்றார்கள். இப்போது மரபணு என்ற சொல் கிடைத்துவிட்டது.

எங்கள் குழுவில் இதைப் பற்றி விவாதம் எழுந்தது. மனச்சிதைவுக்காக பீடென் சோதிக்க வேண்டுமா? அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பழுதுள்ள ஒருவரின் உடன்பிறந்தவர் என்ற முறையில் அவருக்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு, எந்த அண்ணனுக்கும் இருப்பதுபோல. அந்தக் காரணத்துக்காகச் சோதிக்கலாம். கேட்க வேண்டியவர் அக்கா அல்லர், அவர்தான். ஆகவே தனியாக வரச் சொன்னோம்.

இரண்டு பஸ் மாறி வந்தார். விரல் நுனிகள் பச்சை படிந்திருந்தன. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுத் தன் சொற்களில் திருப்பிச் சொன்னார். அவரால் முடிவெடுக்க முடியுமா என்ற ஐயத்துக்கு அதற்கு மேல் வேலை இருக்கவில்லை. பிறகு கேட்டார்:

“என்னால்தான் பிள்ளைக்கு வந்ததா, அம்மா?”

சோதனை முடிவு வராமலே பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இது. தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு மரபணு போகாது. பெற்றவர்களிடமிருந்துதான் வரும். அந்த வீட்டில் யாரும் இதை அவருக்குச் சொல்லவில்லை. மனநலக் கிளினிக்கில் அத்தனை ஆண்டு ஊசி போட்டவர்களிடம் அவர் கேட்கவும் இல்லை. இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டினார், ரத்தம் எடுக்க.

## பிப்ரவரி 2023

அண்ணனின் ரத்தத்தில் பழுது இல்லை. அவருடைய தலை 22½ அங்குலம், இயல்பான அளவுதான். நாங்கள் நாடாவைக் கவனமாகப் பார்த்திருந்தால் முன்பே ஊகித்திருக்கலாம்.

அவருடைய நோய்க்கு மரபில் பங்கில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. மனச்சிதைவில் பரம்பரையின் பங்கு பெரிது. ஆனால் அது பீடென் போல ஒற்றை மரபணுவில் உட்கார்ந்திருப்பது அரிது. 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நோயுள்ள 76,755 பேரின் மரபணுக்களைப் பார்த்து, தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றும் அபாயத்தைத் துளித்துளியாகவே கூட்டுகிறது. புற்றுக்கும் மனநலக் கோளாறுக்கும் மரபுத் தொடர்பு உண்டா என்று யாராவது பொதுவாகக் கேட்டால், எந்தப் புற்று, எந்தக் கோளாறு, எந்த மரபணு என்று நான் திருப்பிக் கேட்பதற்கு இந்தக் குடும்பம்தான் காரணம். ஆட்டிசமும் மார்புப் புற்றும் இங்கே ஒரே வேரில் வந்தன. ஒரே கூரையின் கீழ் இருந்த மனச்சிதைவு அந்த வேரில் இல்லை.

அக்காவுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. ஆய்வகத்தில் ரத்தம் மாறியிருக்கலாம் என்றார். மறுபடி பார்க்கலாமா என்று கேட்டார். அண்ணன் எதுவும் பேசவில்லை. முடிவுத் தாளின் நகல் ஒன்று கேட்டார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எந்த வரியில் ‘இல்லை’ என்று இருக்கிறது என்று காட்டச் சொல்லி, அந்த வரியை நகத்தால் அழுத்திக் கோடிட்டு, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இப்போதும் வைத்திருப்பதாகத் தங்கை சொன்னார்.

அக்கா தன்னைச் சோதிக்க மறுத்துவிட்டார். அவர் தலையும் 23 அங்குலத்தைத் தாண்டும் என்று தங்கை சொல்கிறார், நான் அளக்கவில்லை. அவருடைய அச்சத்தில் நியாயம் உண்டு. மரபணுச் சோதனை முடிவைக் காப்புறுதி நிறுவனங்கள் கேட்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் மலேசியாவில் இல்லை. வரன் விஷயம் இருக்கவே இருக்கிறது. வற்புறுத்தவில்லை. சோதனை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் பழுது இருப்பதாகவே வைத்துக்கொண்டு மார்பையும் தைராய்டையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றோம். ஏழு மாதம் கழித்து மேமோகிராம் எடுத்துக்கொண்டார். அதில் ஒன்றுமில்லை. எம்.ஆர்.ஐ.க்கு இன்னும் வரவில்லை.

## இன்று செய்தால்

பெரிய தலையுள்ள குழந்தை யார் வந்தாலும் பெற்றோர் இருவரின் தலையையும் அன்றே அளக்கிறோம். ‘குடும்ப இயல்பு’ என்று எழுதுவதாக இருந்தால், அந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன கட்டி எடுத்தார்கள் என்று கேட்ட பிறகுதான் எழுத வேண்டும் என்பது எங்கள் பிரிவில் இப்போது வாய்மொழி விதி. எழுத்தில் கொண்டுவரக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

‘மனநோய் உண்டா’ என்ற கேள்வியை விட்டுவிட்டேன். அதற்கு நம் வீடுகளில் ஒரே பதில்தான். ‘நீண்ட நாள் மாத்திரை, மாத ஊசி எடுப்பவர் யாராவது? வெளியூரில் மருத்துவமனையில் தங்கியவர்? இப்போது யார் வீட்டில் இருக்கிறார்?’ என்று கேட்கிறேன். கடைசிக் கேள்விக்குத்தான் ஆட்கள் வெளியே வருகிறார்கள். எங்கெங்கே மருந்து வாங்குகிறார்கள் என்பதை முதல் நாளே கேட்கிறேன். அது அந்த மருந்தகப் பெண்ணிடம் கற்றது.

குழந்தையின் முடிவு பெற்றவரையும் சுட்டும் என்பதை இப்போது பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லவைக்கிறேன். அதைக் கேட்டுவிட்டுச் சிலர் சோதனையே வேண்டாம் என்று எழுந்துபோவதுண்டு. ஒருவர் அப்படிப் போனார், திரும்பி வரவில்லை. அந்தக் குழந்தையின் நிலை என்னவென்று எனக்குத் தெரியாது. இந்த மாற்றத்தின் விலை அது. ஆனாலும் பழைய வழக்கத்துக்குத் திரும்ப மாட்டேன்.

பையனின் ஆட்டிசத்தில் இந்தச் சோதனையால் என்ன மாறியது என்று அப்பா ஒருமுறை கேட்டார். அவனுடைய பேச்சிலும் படிப்பிலும் ஒன்றும் மாறவில்லை என்று நேராகச் சொன்னேன். தளர்ந்த கட்டுப்பாட்டை மருந்தால் இறுக்க முடியுமா என்று எவெரோலிமஸ் என்ற மருந்தை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். 2022-ல் வந்த முடிவில், முதன்மையாக எதிர்பார்த்த அளவீடுகளில் பலன் தென்படவில்லை. அவன் தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்புக்குப் போகிறான்.

## மார்ச் 2024

தைராய்டை எந்த வயதிலிருந்து ஸ்கேன் செய்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்க வழிகாட்டுதல் ஏழு வயது என்கிறது, ஐரோப்பிய வழிகாட்டுதல் பதினெட்டு. எங்கள் மருத்துவர் ஏழிலிருந்து தொடங்கினார். 2023-ல் எடுத்த முதல் முயற்சி தோற்றது. குளிர்ந்த ஜெல் கழுத்தில் பட்டதும் பையன் வீறிட்டான், ஸ்கேன் அறையிலிருந்த மூவரும் சேர்ந்தும் முடியவில்லை. கட்டிப்பிடித்துச் செய்ய வேண்டாம் என்று அம்மா நிறுத்திவிட்டார்.

இந்த மார்ச்சில் தாய்மாமன் கூட வந்தார். ஜெல் குழாயை முன்பே வாங்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிச் சூடாக்கிக்கொண்டிருந்தார். பையன் தலைக்கவசத்தைக் கழற்ற மறுத்தான். ஸ்கேன் எடுப்பவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சரி, போட்டுக்கொண்டே படுக்கட்டும் என்றார். தோளுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்து, தாடைப் பட்டியை மட்டும் கழற்றி, கண்ணாடியை இறக்கிவிட்டு அவன் படுத்தான். பதினொரு நிமிடம் ஆயிற்று. அதில் பாதி நேரம் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

தைராய்டின் இரு மடல்களிலும் கட்டி இல்லை. அடுத்த ஸ்கேன் 2025 மார்ச். அதே வாரம் அக்கா மகள் கல்லூரியிலிருந்து என் அலுவலக எண்ணுக்கு அழைத்தார். ஏப்ரலில் 18 முடிகிறது, அம்மாவுக்குத் தெரியாமல் தனியாக வரலாமா என்று கேட்டார். வரலாம் என்றேன். மே 14, காலை 9 மணி என்று குறித்திருக்கிறேன்.